முதலாளி பின்சீட்டில், அதிகாரி முன்சீட்டில்: ஒரு முந்திரி கம்பெனிப் பயணத்தின் நிகழ்வு ஆய்வு

பின்னணி

குமரி மாவட்டத்தின் மேற்குப் பக்கம் இருக்கும் ஒரு முந்திரித் தொழிற்சாலையில் நான் கணக்குப் பார்க்கிறேன். ஊரில் யாரும் தொழிற்சாலை என்று சொல்வதில்லை, அண்டி ஆபீஸ்தான். உடைப்பது, தோல் உரிப்பது, தரம் பிரிப்பது எல்லாம் பெரும்பாலும் பெண்கள் செய்யும் வேலை. உள்ளூர்க் கொட்டையை மட்டும் நம்பினால் வருடம் முழுக்க ஆபீஸ் ஓடாது. பிப்ரவரிக்கு மேல் ஐவரி கோஸ்ட், கானா, பெனின் கொட்டை. வருடக் கடைசியில் தான்சானியா கொட்டை. கப்பல் தூத்துக்குடிக்கு வரும், அங்கிருந்து லாரி.

இந்த நிகழ்வில் மூன்று பேர். முதலாளிக்கு அறுபதை ஒட்டிய வயது. அப்பா தொடங்கியதை எடுத்து நடத்துகிறார். ரயிலில் மூன்றாம் ஏசி, விமானத்தில் எகானமி, அதற்கு மேல் அவர் காசு கொடுத்ததே இல்லை. அவருடைய மச்சினர், அதாவது மனைவியின் தம்பி, ஆபீஸ் நிர்வாகத்தைப் பார்க்கிறார். மூன்றாவது ஆள் தர அதிகாரி. முப்பத்தைந்து வயதுப் பெண். துபாயில் ஒரு உணவுப்பொருள் வியாபார நிறுவனத்தில் ஆறு வருடம் இருந்து, ஆப்பிரிக்கத் துறைமுகங்களுக்கு மாதாமாதம் போய்வந்தவர். ஊரோடு வந்துவிடலாம் என்று எங்களிடம் சேர்ந்து அப்போது எட்டு மாதம் ஆகியிருந்தது.

அவருடைய வேலையைச் சொல்லாமல் இதைச் சொல்ல முடியாது. பச்சைக் கொட்டையின் விலை அவுட்டர்னில் நிற்கிறது. 80 கிலோ மூட்டை ஒன்றை உடைத்தால் நல்ல பருப்பு எத்தனை பவுண்டு தேறும் என்பதுதான் அவுட்டர்ன். ஒரு கிலோ மாதிரி எடுத்து, கொட்டையை எண்ணி, ஒவ்வொன்றாக வெட்டி, நல்லது, பாதி கெட்டது, சொத்தை என்று பிரித்து நிறுப்பார்கள். கிலோவுக்கு 266 கிராம் நல்ல பருப்பு வந்தால் மூட்டைக்கு 47 பவுண்டு ஒட்டி வரும். இந்தக் கணக்கில் ஒரு பவுண்டு தவறினாலும் பெரிய பணம். அவரை வேலைக்கு எடுத்ததே அதற்காகத்தான்.

பயண ஏற்பாடு

சென்ற ஆண்டு மார்ச்சில் ஐவரி கோஸ்டில் நேரடியாகக் கொள்முதல் பேச மூவரும் போவதாக முடிவானது. திருவனந்தபுரம் – துபாய், துபாய் – அபிஜான். முதலாளிக்கும் மச்சினருக்கும் மஞ்சள் காய்ச்சல் ஊசி போட வேண்டியிருந்தது. ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் அந்தச் சான்றிதழ் செல்லும் என்பதால் எல்லாவற்றையும் முன்கூட்டியே திட்டமிட்டோம். அவர்கள் இருவர் டிக்கெட்டும் ஒரு மாதம் முன்பே போட்டாயிற்று. ஆளுக்கு 78,400 ரூபாய்.

அதிகாரிக்கு ஊசி முன்பே போட்டதுதான், ஆனால் பாஸ்போர்ட் புதுப்பித்து வரத் தாமதம். இரண்டு வாரம் கழித்து அவருக்குத் தனியாகப் போட்டேன். அதற்குள் விலை ஏறி 91,600 ஆகிவிட்டது. எகானமிதான். ஆனால் தனி புக்கிங் எண்.

டிக்கெட் போடும்போது அவருடைய விமான உறுப்பினர் எண்ணையும் சேர்த்தேன். துபாய் வேலையில் பறந்து பறந்து வாங்கிய தங்க அட்டை அது. அவர் பேரில் இருப்பது, கம்பெனிக்குச் சம்பந்தம் கிடையாது. அதைச் சேர்த்தால் கூடுதல் லக்கேஜ் கிடைக்கும், மாதிரிப் பைகளும் வெட்டும் கருவியும் அதில் போய்விடும் என்பது என் கணக்கு. சேர்த்தது தவறில்லை என்று இன்றும் நினைக்கிறேன். சேர்த்ததை முதலாளியிடம் சொல்லாததுதான் தவறு.

புக்கிங் தனித்தனி என்பதால் சீட்டும் தனித்தனி. அவர்கள் இருவரும் 24-ஆம் வரிசை, இவர் 31. ஒப்பந்த நகல் கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம்தான் வந்தது. ஆறு பக்கம். அதிகாரி பிரிண்ட் எடுத்து ஓரத்தில் பென்சிலால் குறித்து வைத்தார். விமானத்தில் யாரிடமாவது கேட்டு சீட்டை மாற்றிக்கொண்டு, துபாய் போய்ச் சேர்வதற்குள் முதலாளிக்கு அதை விளக்கிவிடுவது என்று பேச்சு.

கேட்டில் நடந்தது

நள்ளிரவு தாண்டி கிளம்பி, களியக்காவிளை எல்லையைக் கடந்து, பாறசாலை, நெய்யாற்றின்கரை வழியாகப் போய்ச் சேர்ந்தார்கள். அதிகாலை விமானம். போர்டிங் தொடங்கும்போது முதலாளியும் மச்சினரும் டீ குடிக்கப் போயிருந்தார்கள். தங்க அட்டைக்காரர்களை முதலில் கூப்பிட்டதால் அதிகாரி வரிசையில் நின்றார். போர்டிங் அட்டையை வைத்ததும் இயந்திரம் பச்சை காட்டவில்லை. ஊழியர் பழைய அட்டையை வாங்கிக்கொண்டு புது அட்டை கொடுத்தார். 31 போய் 3 ஆகியிருந்தது. பிசினஸ் கிளாஸ்.

இது எப்படி நடக்கிறது என்று தெரியாதவர்களுக்காக: எகானமியில் இருக்கும் சீட்டைவிடச் சில டிக்கெட் கூடுதலாக விற்பது விமான நிறுவனங்களின் வழக்கம். சிலர் வராமல் போவார்கள் என்ற கணக்கு. எல்லாரும் வந்துவிட்டால், முன்பகுதி காலியாக இருந்தால், சிலரை மேலே ஏற்றி இடம் பண்ணுவார்கள். அப்படி ஏற்றும்போது பெரும்பாலும் உறுப்பினர் அட்டை உள்ளவர்களுக்குத்தான் முதல் கை, அதிலும் தனியாளாக இருந்தால் நகர்த்துவது சுலபம். காசு கிடையாது, யாரும் கேட்பதும் கிடையாது. எங்கள் விஷயத்தில் பாஸ்போர்ட் தாமதம், அதனால் தனி புக்கிங், அதில் நான் போட்ட எண், மூன்றும் ஒன்றாகச் சேர்ந்துகொண்டன.

அதிகாரி அங்கேயே கேட்டிருக்கிறார். ‘என்னோட எங்க சார் வர்றாரு, பெரியவர், இதை அவருக்குத் தர முடியுமா?’ முடியாது என்றார்கள். அட்டை உங்கள் பேரில், பட்டியல் போய்விட்டது, வேண்டுமென்றால் எடுங்கள், பின்னால் ஆட்கள் நிற்கிறார்கள். இவர் எடுத்துக்கொண்டார். மறுத்திருந்தாலும் அந்த சீட் முதலாளிக்குப் போயிருக்காது, பட்டியலில் அடுத்த உறுப்பினருக்குத்தான் போயிருக்கும்.

அடுத்தது போன். எடுத்தார், திரும்ப வைத்துவிட்டார். ஏன் என்று பிறகு கேட்டேன். ‘சார், எனக்கு பிசினஸ் கிளாஸ் கிடைச்சிருக்குன்னு போன் போட்டுச் சொன்னா பீத்துற மாதிரி இருக்காதா? துபாய்ல இறங்கி மெதுவா சொல்லிக்கலாம்னு இருந்தேன். உங்களுக்குக் கேட்டேன், தரலன்னும் எப்படிச் சொல்றது? நல்ல பேர் வாங்கப் பாக்குற மாதிரி ஆயிரும்.’

அந்த நிமிடத்தில் நானாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பேன்.

மூன்றாம் வரிசை

அந்த விமானத்தில் எல்லாரும் ஏறியது முன்கதவு வழியாக. பின்னால் போகிறவர்கள் பிசினஸ் பகுதியைக் கடந்துதான் போக வேண்டும். அதிகாரி உட்கார்ந்து ஐந்து நிமிடம் ஆகியிருந்தது. ஆவி பறக்கும் சின்னத் துண்டு ஒன்றைக் கையில் கொடுத்திருந்தார்கள். பக்கத்தில் புதினா போட்ட எலுமிச்சை ஜூஸ், இன்னும் தொடவில்லை. நிமிர்ந்து பார்த்தால் எதிரே முதலாளி. தோளில் பை, கையில் ஏத்தங்காய் சிப்ஸ் பொட்டலம்.

அதிகாரி சட்டென்று எழுந்தார். துண்டு இன்னும் கையில். ‘சார், நீங்க இங்க இருங்க சார், நான் பின்னாடி போறேன்.’ பதற்றத்தில் குரல் கொஞ்சம் கூடிவிட்டது. வரிசை நின்றது. பின்னால் வந்தவரின் சக்கரப் பெட்டி முதலாளியின் குதிகாலில் இடித்தது. பணிப்பெண் வந்து, அவரவர் அட்டையில் இருக்கும் சீட்டில்தான் உட்கார வேண்டும் என்று மரியாதையாகச் சொன்னார். சுற்றி இருந்த எட்டுப் பத்துப் பேர் முதலாளியைப் பார்த்தார்கள்.

‘இரு மக்ளே, இரு’ என்று சொல்லிவிட்டு அவர் நடந்தார். பின்னால் வந்த மச்சினர் நின்று சீட்டைப் பார்த்தார், கால் நீட்டும் பலகையைப் பார்த்தார், துண்டைப் பார்த்தார். ‘கட்டில் போலல்லா இருக்கு’ என்று சொல்லிக்கொண்டே போனார்.

இந்த இடத்தை நான் பலமுறை யோசித்துப் பார்த்தேன். சீட்டைக் கொடுக்க முன்வந்தது மரியாதை என்று எல்லாரும் சொல்வார்கள். ஆனால் வரிசை நடுவில், பத்துப் பேர் முன்னால், கொடுக்கவே முடியாத ஒன்றைக் கொடுக்கிறேன் என்றால் வாங்குகிறவர் என்ன செய்வார்? ‘ஆமா, தா’ என்று சொல்ல முடியாது. ‘வேண்டாம்’ என்று சொல்லவும் பணிப்பெண் இடம் விடவில்லை. அதிகாரி பேசாமல் ஒரு வணக்கம் வைத்திருந்தால்கூட அவர் கடந்து போயிருப்பார். உட்கார்ந்தபடி முதலாளிக்கு வணக்கம் வைப்பது நம் பக்கத்தில் எவ்வளவு கஷ்டம் என்பது வேறு விஷயம்.

விமானம் கிளம்பி, சாப்பாடு முடிந்து, விளக்கை அணைத்தபின் அதிகாரி ஒப்பந்தத் தாள்களை எடுத்துக்கொண்டு 24-ஆம் வரிசைக்குப் போனார். முதலாளி கண்ணை மூடியிருந்தார். தூங்குகிறார் என்று நினைத்துத் திரும்பிவிட்டார். அவர் தூங்கவில்லை. என்ன செய்துகொண்டிருந்தார் என்பது மூன்று மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

துபாயிலிருந்து வந்த போன்

நம் நேரம் காலை எட்டே முக்கால் இருக்கும். வீட்டில் புட்டும் பயறும் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். முதலாளி போன்.

‘அந்தப் பிள்ளைக்க டிக்கெட் எவ்வளவு?’

‘தொண்ணூத்தி ஒண்ணு அறுநூறு வந்துச்சு முதலாளி.’

‘நமக்கு?’

‘எழுபத்தெட்டு நானூறு.’

‘செரி.’ வைத்துவிட்டார்.

கடைசி நேரத்தில் போட்டதால் விலை ஏறியதைத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். ‘ஏன் முதலாளி, என்ன விஷயம்?’ என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. புட்டு ஆறிக்கொண்டிருந்தது.

இதைப் படிப்பவர்களுக்கு இப்போதே புரிந்திருக்கும். நாலு மணி நேரமும் அவர் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். கம்பெனிக் காசில் நான் அந்தப் பெண்ணுக்கு உயர்ந்த வகுப்பு டிக்கெட் போட்டிருக்கிறேன், தன்னிடம் மறைத்திருக்கிறேன் என்று முடிவு செய்திருந்தார். போனில் நான் சொன்ன 13,200 ரூபாய் வித்தியாசம் அதை உறுதிப்படுத்திவிட்டது. உண்மையில் பிசினஸ் கிளாஸ் அந்த வித்தியாசத்துக்குக் கிடைக்காது, அதைப்போல் பல மடங்கு ஆகும். ஆனால் அந்த விலையை ஒருநாளும் விசாரிக்காதவருக்கு அது எப்படித் தெரியும்?

அபிஜானில்

இரண்டாவது விமானத்தில் மூவரும் எகானமிதான். துபாயில் அதிகாரி ‘கேட்ல அவங்களா மாத்தினாங்க சார்’ என்று தொடங்கியிருக்கிறார். ‘செரி செரி, இருக்கட்டு’ என்று முதலாளி முடித்துவிட்டார். சாக்கு சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டார். இரண்டாவது விமானத்தில் ஒப்பந்தத் தாள்களை நீட்டியபோது ‘அப்புறம் பாக்கலாம்’ என்றார். மச்சினர் அதை வாங்கி முன்சீட்டுப் பையில் செருகினார். எட்டு மணி நேரத்துக்கு மேலே பறந்தார்கள். யாரும் அதை வெளியே எடுக்கவில்லை.

அபிஜானில் மூன்று நாள். அதிகாரி கிடங்கில் உட்கார்ந்து மாதிரி வெட்டிக்கொண்டிருந்தார். விற்பவரின் அலுவலகத்தில் பேச்சு நடந்த அன்று அவரை வரச்சொல்லவில்லை. 100 டன்னுக்கு, 47 பவுண்டு அடிப்படையில் கையெழுத்தானது. நாலாம் பக்கத்தில் அவர் பென்சிலால் வட்டமிட்டிருந்த வரி அப்படியே இருந்தது: ஏற்றும் துறைமுகத்தில் எடுக்கும் மாதிரியே தரத்துக்கு முடிவு. கப்பலில் வரும் வழியில் ஈரம் ஏறினாலும் சரி, மூட்டை மாறினாலும் சரி, இறக்கும் இடத்தில் கேள்வி கிடையாது என்று அதற்கு அர்த்தம். அங்கே இருந்திருந்தால் ‘இறக்கும் துறைமுகத்தில் மாதிரி’ என்று கேட்டிருப்பேன் என்கிறார். கேட்டிருந்தாலும் சீசன் நேரத்தில் விற்பவர் ஒத்துக்கொண்டிருப்பாரா என்பது சந்தேகம்தான். சீட்டால்தான் நஷ்டம் என்று நான் எழுத மாட்டேன். கேட்க வேண்டிய ஆள் மேசையில் இல்லை, அதுவரைதான் உறுதியாகச் சொல்ல முடியும்.

திரும்பி வந்தபின்

ஏப்ரலில் ஆபீசுக்குள் பேச்சு பரவியது. உடைக்கிற பகுதியில் ஒரு பெண் அதிகாரியிடமே கேட்டுவிட்டார்: ‘அக்கா, பிளேனில உங்களுக்கு மட்டும் கட்டில் போட்டு தந்தாவளாமே?’ கேட்டவர் ஆசையாகத்தான் கேட்டார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அதிகாரியும் சிரித்துவிட்டு வந்து, என் அறையில் பத்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

சாயங்காலம் முதலாளி அறையில் நடக்கும் கூட்டத்துக்கு அவரைக் கூப்பிடுவது நின்றது. சொல்ல வேண்டியதை மச்சினர் வழியாகச் சொல்லி அனுப்பினார்கள்.

இதற்குக் காரணம் மானப் பிரச்சினை என்றே நானும் நம்பினேன். யார் முன்னால் யார் உட்காரலாம் என்பது எங்கள் மாவட்டத்தில் லேசான விஷயமில்லை. திருவிதாங்கூர் காலத்தில் யார் தோளில் சீலை போடலாம், யார் தலைப்பாகை கட்டலாம் என்பதற்கெல்லாம் கட்டுப்பாடு இருந்த மண். தோள்சீலைக்காகப் பல பத்தாண்டு போராடி, 1859-இல்தான் மகாராஜாவின் அறிவிப்பு வந்தது. சாமிதோப்பில் அய்யா வைகுண்டர் தலைப்பாகை கட்டிக்கொண்டு கும்பிடச் சொன்னார், இன்றும் அய்யா வழிக் கோயில்களான பதிகளில் ஆண்கள் அப்படித்தான் கும்பிடுகிறார்கள். தன் தாத்தா ஒரு பெரிய வீட்டு முற்றத்தில் நின்றே கூலி வாங்கிய கதையை முதலாளியே எங்களிடம் சொல்லியிருக்கிறார். அப்படிப்பட்டவரைப் பின்னால் போக வைத்ததுதான் உறுத்துகிறது என்று நான் முடிவு கட்டிவிட்டேன். நேரில் கேட்காமல் இருக்க அது எனக்கு வசதியாகவும் இருந்தது.

மே மாதம் சரக்கு வந்தது. எங்கள் ஆபீசில் வெட்டிப் பார்த்ததில் 45.5. மூட்டைக்கு ஒன்றரை பவுண்டு குறைவு. 100 டன் என்றால் 1,250 மூட்டை, கிட்டத்தட்ட 850 கிலோ பருப்பு காணாமல் போன கணக்கு. ஒப்பந்தப்படி கேட்க வழியில்லை.

ஜூனில் தணிக்கைக்காகப் பயண பில்களை அடுக்கி முதலாளி மேசையில் வைத்தேன். அதிகாரியின் டிக்கெட்டை எடுத்துக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார்.

‘இதில பிசினஸ்னு எங்க போட்டிருக்கு?’

‘இது எகானமி டிக்கெட்தானே முதலாளி.’

‘அப்போ அவ எப்படி முன்னால இருந்தா?’

அப்போதுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டில் அவருக்காக அதிகாரி கேட்டுப் பார்த்ததையும் சேர்த்துச் சொன்னேன். முதலாளி அந்தத் தாளையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதிகாரியைக் கூப்பிடச் சொன்னார்.

நான் வெளியே போக எழுந்தேன், இருக்கச் சொன்னார். அதிகாரி வந்து நின்றார். ‘இரு மக்ளே’ என்றார் முதலாளி. விமானத்தில் சொன்ன அதே வார்த்தை. ‘எனக்கு வேண்டி கேட்டியா நீ?’ என்றார். ‘கேட்டேன் சார், தரல.’ ‘தந்திருந்தாலும் நான் இருந்திருக்க மாட்டேன். அந்த வெந்நித் துணிய வெச்சு என்ன செய்யணும்னே எனக்குத் தெரியாது.’ அதிகாரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும்தான். மன்னிப்பு என்ற வார்த்தையை யாரும் சொல்லவில்லை. அன்று சாயங்காலக் கூட்டத்துக்கு அவரைக் கூப்பிட்டார்கள்.

வேறு வேலைக்கு அவர் இரண்டு இடத்தில் விண்ணப்பம் போட்டிருந்தார் என்பது பிறகு தெரிந்தது.

எது எங்கே பிசகியது

இந்த மாதிரி விஷயத்தில் எல்லாரும் கேட்கிற கேள்வி, சீட்டை விட்டுக்கொடுக்க வேண்டுமா கூடாதா என்பது. எங்கள் அனுபவத்தில் அது இரண்டாவது கேள்வி. முதலாளியின் மனதில் முதலில் எழுந்தது ‘யார் காசு?’ என்பதுதான். அதற்குப் பதில் அவர் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே அவர் காதுக்குப் போயிருக்க வேண்டும். ‘சார், கேட்ல அவங்களா சீட் மாத்திட்டாங்க, காசு கிடையாது, உங்களுக்குக் கேட்டேன், முடியாதுன்னுட்டாங்க.’ இவ்வளவுதான். பீத்துவதாக இருக்கும் என்று அதிகாரி பயந்தார். எனக்கென்னவோ, மறைத்த மாதிரி தெரிவது அதைவிட மோசம்.

முதலாளி பக்கமும் சொல்ல வேண்டும். ஒரு கேள்வியை நேராகக் கேட்காமல் சுற்றி வளைத்து என்னிடம் விலை கேட்டார். கேட்டால் சின்னத்தனமாகப் போய்விடும் என்று நினைத்திருப்பார். முதலாளி கேட்காமல் விட்டால் கீழே இருப்பவர்கள் தங்களுக்குத் தோன்றிய காரணத்தை எழுதிக்கொள்வார்கள். நான் எழுதிக்கொண்டது தாத்தா கதை. மச்சினர் எழுதிக்கொண்டது, இந்தப் பெண்ணுக்குத் தலைக்கனம் என்று.

அரசு வேலையில் இந்தக் குழப்பம் குறைவு. மத்திய அரசில் ஊதிய நிலை 14-க்கும் அதற்கு மேலும் இருப்பவர்களுக்கு உள்நாட்டில் பிசினஸ், 6 முதல் 13 வரை எகானமி என்று 2017 பயணப்படி விதியிலேயே இருக்கிறது. யாருக்கு எது என்று பார்க்கிற எல்லாருக்கும் தெரியும். குடும்பக் கம்பெனியில் எழுதி வைத்தது ஒன்றும் கிடையாது, முதலாளியின் பழக்கம்தான் விதி. அவர் எகானமி என்றால் எல்லாரும் எகானமி. அந்தப் பழக்கத்துக்கு வெளியே ஒரு சீட் வானத்திலிருந்து விழுந்தால் யாருக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை.

என்ன மாற்றினோம்

மச்சினர் சொன்ன யோசனை, இனிமேல் யார் டிக்கெட்டிலும் உறுப்பினர் எண் போடக்கூடாது என்பது. முதலாளி கிட்டத்தட்டச் சம்மதித்துவிட்டார். கூடுதல் லக்கேஜுக்குக் காசு கட்டினால் எவ்வளவு ஆகும் என்று கணக்குப் போட்டுக் காட்டினேன், அந்தப் பேச்சு அதோடு நின்றது.

இப்போது சேர்ந்து போகிறவர்களுக்கு ஒரே புக்கிங்கில்தான் போடுகிறேன். ஒருவருக்குத் தாமதம் என்றால் எல்லாருக்கும் காத்திருக்கிறோம். விலை ஏறினால் ஏறட்டும். கிளம்புவதற்கு முந்தின நாள் ஒரு தாள் முதலாளிக்குப் போகும்: யார், எந்த வகுப்பு, எவ்வளவு, யார் எண் சேர்த்திருக்கிறது. ஒப்பந்தத் தாள் இரண்டு நகல், ஒன்று முதலாளி கைப்பையில். விமான நிலையத்தில் யாருக்கு சீட் மாறினாலும், மேலேயோ கீழேயோ, கூட வருகிறவர்களுக்கு உடனே வாட்ஸாப்பில் இரண்டு வரி: எங்கே மாறியது, யார் காசு. விட்டுக்கொடுக்க வேண்டும் என்று எழுதவில்லை. கொடுக்க விரும்பினால் கேட்டிலேயே ஊழியரிடம் ஒருமுறை கேட்கலாம், விமானத்துக்குள் வேண்டாம். சொந்த மைல் புள்ளியில் உயர்த்திக்கொள்வதானால் தனியாகப் போகும்போது இஷ்டம், பெரியவர்களோடு போகும்போது முந்தின நாளே சொல்லிவிட வேண்டும்.

இதை எழுதிக் காட்டியபோது முதலாளிக்கு ஒரே ஒரு சந்தேகம். ‘மேலே ஏத்தினா நமக்கு செலவில்ல. காசு குடுத்து முன்னால போட்டவனைக் கீழே இறக்கினா?’ தேடிப் பார்த்துச் சொன்னேன். 2023 பிப்ரவரி 15-லிருந்து விமானப் போக்குவரத்து இயக்ககத்தின் விதி இருக்கிறது. உள்நாட்டில் டிக்கெட் விலையில் 75 சதவீதம் திரும்பத் தர வேண்டும். வெளிநாட்டுக்கு 1,500 கிலோமீட்டர் வரை 30, அதற்கு மேல் 3,500 வரை 50, அதையும் தாண்டினால் 75. துபாய் நடு வகையில் வரும். ‘நாம எதுக்கு முன்னால போட’ என்று கேட்டுவிட்டு, அந்தத் தாளை மடித்துத் தன் டைரிக்குள் வைத்துக்கொண்டார்.

தீராத ஒன்று உண்டு. அதிகாரியின் தங்க அட்டைக்கு விமான நிலையத்து ஓய்வறையான லவுஞ்சில் ஒரு விருந்தாளியைக் கூட்டிப் போகலாம். மூன்று பேர் போனால்? முதலாளியைக் கூட்டிப் போனால் மச்சினர் வெளியே. மூவரும் வெளியே இருந்தால் அட்டை வீண். இதற்கு நான் விதி எழுதவில்லை. போன முறை அதிகாரி தலைவலி என்று சொல்லி வெளியே உட்கார்ந்துகொண்டார். மூவரும் வெளியே உட்கார்ந்தார்கள்.

அந்தப் போன முறை என்பது நவம்பர், தான்சானியாவுக்கு. மூவரும் ஒரே புக்கிங், 24-ஆம் வரிசையில் பக்கத்துப் பக்கத்தில். ஒப்பந்தத்தில் ‘இறக்கும் துறைமுகத்தில் மாதிரி’ என்ற வரியை அதிகாரியே பேசிச் சேர்த்துவிட்டு வந்தார். ஆனால் எனக்கு நினைவிருப்பது போகும்போது அதிகாலை மூன்றரைக்கு வந்த செய்தி. கேட்டில் முதலாளியின் அட்டைக்கு இயந்திரம் பச்சை காட்டவில்லையாம். யாரோ கைக்குழந்தைக்காரிக்கு இடம் வேண்டுமென்று இவரைப் பின்னால் நகர்த்தியிருக்கிறார்கள். அதிகாரி, மச்சினர், நான் மூவருக்கும் வாட்ஸாப் போட்டிருந்தார்.

‘24-லிருந்து 31-க்கு மாத்திட்டாவ. காசு இல்ல.’